டர்பன் பிளேஹவுஸ்: அந்த வானமும் மரமும் நிஜமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தன் ஆயாவை (பாட்டியை) ஒரு நடன நிகழ்ச்சிக்காக டர்பன் பிளேஹவுஸுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். உள்ளே கருத்த மர உத்தரங்கள், பழைய ஆங்கிலேய ஊர்த்தெரு மாதிரிச் சுவர்கள், தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னும் வானம். ஆயா அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாராம். இதெல்லாம் நிஜ மரமா, வெறும் பூச்சா என்பது அவர் கேள்வி. கூட வந்த அத்தை மகன், "இங்கிலாந்தைப் பார்த்துக் காப்பியடித்த போலிக் கட்டடம், இதைப் போய் எதற்குப் பாதுகாக்க வேண்டும்?" என்றாராம். ஆயாவோ, "உங்க தாத்தா இங்க சாந்து வேலை பார்த்தாருடா" என்றாராம். அது உண்மையாக இருக்க வாய்ப்புண்டா என்றும் கேட்கிறார். பார்த்தால் மூன்று கேள்விகள். எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது: மரம் போலத் தெரிவது மரமில்லை என்றால், அதைச் செய்த கைகளின் வேலைக்கு மதிப்பு உண்டா, இல்லையா?

நான் சென்னையில் கட்டடக்கலை படித்தவன். டர்பனுக்கு வந்த பிறகு பழைய கட்டடங்களின் பூச்சு, சுதை, வார்ப்பு அலங்காரங்களைச் சீர்செய்வதுதான் தொழில். கோயில்களிலும் செய்திருக்கிறேன், சபை மண்டபங்களிலும் செய்திருக்கிறேன். பிளேஹவுஸுக்குப் போனதெல்லாம் பார்வையாளனாகத்தான். அதன் கூரைக்கு மேலே ஏறிப் பார்த்ததில்லை. அதனால் அந்தக் கட்டடத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியதையும், இந்த வகை அரங்குகளில் பொதுவாக இருக்கும் வழக்கத்தை வைத்து நான் சொல்வதையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளேஹவுஸ் 1935இல் சினிமாக் கொட்டகையாகத் திறக்கப்பட்டது. அன்றைய ஸ்மித் தெருவில், இன்றைய ஆன்டன் லெம்பேடே தெருவில், நகர மண்டபத்துக்கு எதிரே நிற்கிறது. எதிரே இருக்கும் நகர மண்டபம் 1910இல் முடிந்தது. அது பெல்ஃபாஸ்ட் நகர மண்டபத்தை அப்படியே பார்த்துக் கட்டியது. குவிமாடம், தூண்கள் எல்லாம் அந்த ஊர் அச்சு. பிளேஹவுஸ் எடுத்துக்கொண்டது டியூடர் பாணி, அதாவது 1485 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்ட அரச வம்சத்தின் காலத்து மரச்சட்ட வீடுகளின் தோற்றம். 1986இல் அது பக்கத்துப் பழைய திரையரங்கையும் சேர்த்துக்கொண்டு நாடகம், இசை, நடனம் எல்லாம் நடக்கும் கலை வளாகமாக மறுபடி திறந்தது. நீங்கள் உட்கார்ந்த பெரிய அரங்குக்கு இப்போது ஓபரா என்று பெயர். ஏறக்குறைய 1,200 பேர் உட்காரலாம். வானமும் நட்சத்திரங்களும் சினிமாக் காலத்திலிருந்தே அங்கே தங்கிவிட்டவை.

அந்த வானத்துக்கு ஒரு பூர்வீகம் உண்டு. ஜான் எபர்சன் என்ற கட்டடக் கலைஞர், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர், 1923இல் ஹூஸ்டன் நகரில் மெஜஸ்டிக் என்ற அரங்கைக் கட்டினார். அதுவரை பெரிய அரங்குகள் என்றால் ஐரோப்பிய ஓபரா மண்டபங்களின் வழிதான்: தங்கப் பூச்சு, சரவிளக்கு, கூரை முழுக்க ஓவியம். எபர்சன் கூரை அலங்காரத்தை முழுக்க எடுத்துவிட்டு, வழவழப்பான நீல வளைவு ஒன்றை வைத்தார். பக்கச் சுவர்களைத் தோட்டத்து மதில், வீட்டு முகப்பு, மாடம் என்று ஆக்கினார். படம் பார்க்க வந்தவர் இரவில் ஒரு முற்றத்தில் உட்கார்ந்திருப்பது போல் உணர வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இதை அட்மாஸ்பெரிக் பாணி என்பார்கள். நுணுக்கமான கூரை வேலை மிச்சமாவதால் செலவும் குறைவு. பத்து வருடத்துக்குள் உலகம் சுற்றிவிட்டது. சிட்னியில் 1928இல் கேபிடல், ஆக்லாந்தில் 1929இல் சிவிக். அந்த ஆக்லாந்து அரங்கின் முன்கூடத்தில் யானைகளும் அமர்ந்த புத்தர்களும் இருக்கிறார்கள். இந்தியச் சிற்பத்தைக் கனவில் கண்டு செய்தது போல் இருக்கும். கூரையில் தெற்கு வானத்து நட்சத்திரக் கூட்டங்கள். ஆக, எந்த ஊர் மண்ணுக்கும் சம்பந்தமில்லாத ஒரு இடத்தைக் காட்டுவது இந்த வகை அரங்குகளின் பிறவிக்குணம். டர்பன் தன் பங்குக்கு டியூடர் முற்றத்தைத் தேர்ந்தெடுத்தது. அப்போது நகரத்தில் பணமும் அதிகாரமும் வைத்திருந்த ஆங்கிலேய வம்சாவளியினர் எந்த ஊரை நினைத்து ஏங்கினார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

இனி வானம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நம் கண்ணுக்குத் தூரம் தெரிவது பெரும்பாலும் நிழலாலும் விளிம்பாலும்தான். ஒரு பரப்பில் மூட்டுக்கோடு இல்லை, மேடு பள்ளம் இல்லை, பளபளப்பும் இல்லை என்றால் அது எட்டடி தள்ளி இருக்கிறதா, எண்பதடி தள்ளி இருக்கிறதா என்று கண்ணால் கணிக்க முடியாது. அதனால்தான் அந்த நீல வளைவை மழமழவென்று இழைத்து, பளபளப்பில்லாத வண்ணம் அடிக்கிறார்கள். விளக்குகள் பக்கச் சுவர்களின் மேல் விளிம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு நிற விளக்குக்கும் தனிச் சுற்று. நிகழ்ச்சி தொடங்கும் முன் செம்மஞ்சளில் ஆரம்பித்து, மெல்ல அதைக் குறைத்து நீலத்தைக் கூட்டினால் பொழுது சாய்ந்துவிடும். நட்சத்திரங்களுக்குப் பூச்சில் சிறு துளைகள் விட்டு, பின்னால் குட்டிக் குட்டிப் பல்புகள் வைப்பது அந்தக் கால முறை. சிலவற்றை மட்டும் அணைத்து அணைத்து எரியவைத்தால் மின்னுவது போல் இருக்கும். அமெரிக்காவில் மேகம் நகர்வது போல் காட்டும் புரொஜெக்டரே தனியாக விற்றார்கள். இதில் ஒரு கஷ்டமும் உண்டு. குழிந்த கூரை ஒலியை ஓர் இடத்தில் குவிக்கும். சினிமாவுக்கு அது பெரிதாகத் தெரியாது. பாட்டுக் கச்சேரிக்குத் தெரியும். பக்கச் சுவர்களில் இருக்கும் மாடம், உத்தரம், பிதுக்கம் எல்லாம் ஒலியைச் சிதறடித்து ஓரளவு கைகொடுக்கும்.

சரி, அந்தப் பரப்பு எதனால் ஆனது? அந்தக் காலத்து அரங்குகளில் பெரும்பாலும் நார்ச் சுதை என்று சொல்லத்தக்க ஒரு பொருள்தான் இருக்கும்: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதற்குள் சணல் சாக்குத் துணி, முதுகில் மர ரீப்பர்கள். 1856இல் தெஷாஷி என்ற பிரெஞ்சுக்காரர் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் கோயில் சுதையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் நன்றாகப் புரியும். கோபுரத்தில் ஸ்தபதி செங்கல் கட்டி, சுண்ணாம்புக் காரையை அடுக்கடுக்காக ஏற்றி, பொம்மையை நின்ற இடத்திலேயே கையால் வளர்க்கிறார். ஒரு துவாரபாலகரைப் போல் இன்னொருவர் அச்சு அசலாக இருக்கவே மாட்டார். நார்ச் சுதையில் கலைஞன் களிமண்ணில் ஒரே ஒரு மாதிரியைச் செய்கிறான். அதன் மேல் உருக்கிய ஜெலட்டினை ஊற்றி, ரப்பர் போல் வளையும் அச்சு எடுக்கிறார்கள். அச்சுக்குள் பிளாஸ்டர் கரைசலைப் பூசி, சாக்குத் துணியை நனைத்து அமுக்கி, ரீப்பர் வைத்து, இறுகியதும் உரித்தெடுக்கிறார்கள். பிளாஸ்டர் இறுகும்போது சுருங்காது, ஒரு துளி விரியும். அதனால் அச்சின் மூலை முடுக்கெல்லாம் போய் அடைந்து, முடி அளவு கோடு கூடத் துல்லியமாக விழும். ஒரே அச்சில் பல பிரதிகள் எடுக்கலாம். கனம் குறைவு. பட்டறையில் செய்து, வண்டியில் கொண்டுவந்து, மேலே தூக்கிக் கட்டிவிடலாம். ஒரு பெரிய அரங்கைச் சில மாதங்களில் அலங்கரித்து முடிக்க இதைவிட்டால் அன்றைக்கு வேறு வழி இல்லை.

தூக்கிக் கட்டுவது என்று சொன்னேன், அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கூரைகளின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வார்த்தெடுத்த ஒவ்வொரு சுதைப் பலகையையும் மேலே இருக்கும் இரும்பு அல்லது மரச் சட்டத்தோடு கம்பியாலும், பிளாஸ்டரில் நனைத்த சாக்குத் துண்டாலும் கட்டுவார்கள். துணியை முறுக்கி, பலகையின் ரீப்பரையும் மேல் சட்டத்தையும் சேர்த்துச் சுற்றி, கையாலேயே தடவி விடுவார்கள். பழைய கூரைகளுக்கு மேலே ஊர்ந்து போனால் இந்த முடிச்சுகள் வரிசை வரிசையாகத் தெரியும். பலவற்றில் கட்டியவரின் விரல் தடம் அப்படியே பதிந்திருக்கும், நான்கு விரல், பக்கத்தில் பெருவிரல். கீழே ஆயிரம் பேர் அண்ணாந்து ரசிக்கும் வானம் இந்த முடிச்சுகளில்தான் தொங்குகிறது. சணல் ஈரம் பட்டால் மெதுவாக மக்கும். 2013 டிசம்பரில் லண்டன் அப்பல்லோ தியேட்டரில் நாடகம் நடக்கும்போதே கூரையின் ஒரு பகுதி விழுந்து 70 பேருக்கு மேல் காயம்பட்டார்கள். பழைய சணல் கட்டுகள் வலுவிழந்ததுதான் காரணம் என்று கண்டார்கள். அதற்குப் பிறகு இந்த வகைக் கூரைகளை மேலேயிருந்து பரிசோதிப்பதில் உலகம் முழுக்க அக்கறை கூடியது. டர்பன் மாதிரி உப்புக்காற்றும் புழுக்கமும் உள்ள ஊரில் இது இன்னும் முக்கியம். கீழேயிருந்து எடுத்த போட்டோவை அனுப்பி "இந்த விரிசல் ஆபத்தா?" என்று பலர் என்னிடம் கேட்பதுண்டு. போட்டோவைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மெல்லிய விரிசல் வெறும் பலகை மூட்டாகவும் இருக்கும். விரிசலே இல்லாத இடத்தில் மேல் கட்டு அறுந்தும் இருக்கும். ஏறிப் பார்ப்பதுதான் ஒரே வழி.

மரமா, பூச்சா என்ற கேள்விக்கு வருகிறேன். இத்தகைய அரங்குகளில் ஒரு பொது வழக்கம் உண்டு: கை எட்டும் உயரத்தில் நிஜ மரம், எட்டாத உயரத்தில் மரம் போன்ற வார்ப்பு. கதவு, படிக்கட்டுக் கைப்பிடி, சுவரின் கீழ்ப்பகுதிப் பலகை இவற்றை ஜனங்கள் தொடுவார்கள், தேய்ப்பார்கள்; பிளாஸ்டர் அங்கே தாங்காது. மேலே போகப் போக கனமும் செலவும் முக்கியமாகிவிடும். நிஜ ஓக் உத்தரத்தை அந்த உயரத்தில் தாங்க அதற்கென்று இரும்பு போட வேண்டும். பிளேஹவுஸில் எந்த உத்தரம் மரம், எது வார்ப்பு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். தட்டிப் பார்ப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். பழைய உத்தரம் போல் தெரிய, அதன் மேல் வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) கொத்திய தடங்களைச் செய்திருப்பார்கள். ஓர் உத்தரத்தில் ஒரு தடத்தை நன்றாக மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் பாருங்கள். அதே இடத்தில், அதே கோணத்தில், அதே கொத்து இருந்தால் அது ஒரே அச்சில் வந்தது. மரம் அப்படி இரட்டை போடாது. நிறமும் காட்டிக்கொடுக்கும். மர ரேகையை வரைவது தனித் தொழிலாக இருந்தது. வெளிறிய மஞ்சள் பூச்சு முதலில், அது காய்ந்ததும் அடர்ந்த பழுப்பு மெழுக்கு, அது ஈரமாக இருக்கும்போதே இரும்புச் சீப்பாலும் தூரிகையாலும் இழுத்து ரேகை. கணுக்களைப் பெருவிரலால் ஒற்றி எடுப்பதும் உண்டு. நல்ல கைக்காரர் செய்திருந்தால் ஐந்தடி தூரத்தில் தச்சனே ஏமாந்துவிடுவான்.

அத்தை மகன் சொன்ன 'போலி' என்ற வார்த்தைக்கு இங்கே பதில் சொல்லலாம். கட்டடத்தில் போலி என்று ஒன்று நிச்சயம் இருக்கிறது. அசல் டியூடர் வீட்டில் மரச்சட்டம்தான் பாரத்தைச் சுமக்கும். ஓக் மரத்தை முளை அடித்துக் கோத்து, இடைவெளியில் குச்சிப் பின்னலும் மண் பூச்சும் வைப்பார்கள். 20ஆம் நூற்றாண்டில் அந்தத் தோற்றத்துக்காகச் செங்கல் சுவர் மேல் கறுப்புப் பலகை ஒட்டிய வீடுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. அந்தப் பலகையை உரித்தெடுத்தாலும் சுவர் நிற்கும். லண்டனில் 1924இல் லிபர்ட்டி என்ற கடையைக் கட்டியவர்கள் விதிவிலக்கு. இம்ப்ரெக்னபிள், ஹிந்துஸ்தான் என்ற இரண்டு பழைய போர்க்கப்பல்களை உடைத்து, அந்த மரத்தை வைத்தே டியூடர் பாணியில் எழுப்பினார்கள். அதனோடு ஒப்பிட்டால் பிளேஹவுஸின் தெருமுகப்பு வெறும் வேஷம்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அரங்கின் உள்ளே நிலைமை வேறு. நாடக மேடையில் அட்டையில் செய்த அரண்மனையைப் பார்த்து யாரும் போலி என்று சண்டைக்குப் போவதில்லை. அட்மாஸ்பெரிக் அரங்கு அந்த மேடைக் காட்சியையே பார்வையாளரைச் சுற்றிக் கொண்டுவந்து வைக்கிறது. அங்கே கேட்க வேண்டியது, காட்சி நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா, விளக்கு அணைந்ததும் நம்மை இழுக்கிறதா என்பதுதான். பிளேஹவுஸ் இழுக்கிறது. உங்கள் ஆயா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

பாதுகாக்கத் தயங்குவதற்கு அத்தை மகனிடம் இன்னொரு காரணமும் இருந்தால், அதை நான் மதிக்கிறேன். அந்த வானத்தின் கீழே நம் ஜனங்களுக்கு இடம் இல்லாமல் இருந்தது. 1953இல் பொது இடங்களை இனவாரியாகப் பிரிக்கும் சட்டம் வருவதற்கு முன்பே அது வழக்கமாக நடந்ததுதான். நம்மவர்கள் படம் பார்த்தது கிரே தெருவையும் விக்டோரியா தெருவையும் சுற்றி, இந்திய முதலாளிகள் நடத்திய அவலான், ஷாஜகான், ராஜ் போன்ற கொட்டகைகளில். எழுபதுகளின் பிற்பகுதியில்தான் நாட்டின் அரங்குகள் மெல்ல எல்லாருக்கும் திறந்தன. அதனால் ஆயாவின் தலைமுறைக்கு அந்த முகப்பு வெளியே நின்று பார்த்த ஒன்று. இதைச் சொல்லாமல் கட்டடத்தின் அழகை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அதே சமயம், இடித்துவிட்டால் அந்தச் சரித்திரத்துக்கும் சாட்சி இருக்காது. கேப்டவுனில் 1929இல் வந்த அல்ஹாம்ப்ராவும், ஜோஹானஸ்பர்கில் 1933இல் வந்த கொலோசியமும் இதே குடும்பம். இரண்டும் இடிபட்டுவிட்டன. பிரிட்டோரியாவின் கேபிடல் அரங்கு 1931இல் வந்தது; அதன் உள்ளே தூண்களுக்கும் சிலைகளுக்கும் நடுவில் வருடக்கணக்காகக் கார் நிறுத்தினார்கள். இவற்றோடு பார்த்தால், இன்றும் நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும் பிளேஹவுஸ் எவ்வளவு அரியது என்று தெரியும். இந்த நாட்டில் 1999ஆம் ஆண்டு மரபுச் சட்டப்படி 60 வயது கடந்த எந்தக் கட்டடத்தையும் அனுமதி வாங்காமல் மாற்றவோ இடிக்கவோ முடியாது.

கடைசியாகத் தாத்தா விஷயம். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது, அதனால் கவனமாகச் சொல்கிறேன். டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் நம்மவர்களுக்குச் சுதை வேலை தெரியும் என்பதில் சந்தேகமே இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே கிஸ்டப்பா ரெட்டி, கொத்தனார் ராமசாமிப் பிள்ளை போன்றவர்கள் கட்டிய கோயில்களே அதற்குச் சான்று. ஆனால் நகரத்தின் நடுவே நடந்த பெரிய கட்டட வேலைகளில் கைத்தொழிலாளி என்ற பதவியும் அதன் கூலியும் பெரும்பாலும் வெள்ளையர்களுக்குப் போயின. 1922ஆம் ஆண்டு தொழிற்பயிற்சிச் சட்டம் வைத்த பள்ளிப் படிப்பு நிபந்தனை, நம்மவர்களையும் ஆப்பிரிக்கர்களையும் பயிற்சி ஏட்டில் சேரவிடாமலேயே செய்துவிட்டது. ஆகவே, பிளேஹவுஸ் வேலையில் உங்கள் தாத்தா இருந்திருந்தால், ஏட்டில் அவர் 'கூலி' என்று மட்டும் பதிவாகியிருக்கக்கூடும், கையில் செய்தது கொத்தனார் வேலையாக இருந்தாலும். சாந்து குழைப்பது, சாக்குத் துணியை நனைத்துக் கொடுப்பது, சாரத்தில் ஏறிப் பலகையைத் தாங்கிப் பிடிப்பது, சாயம் அடிப்பது இவற்றில் எதுவும் ஆகலாம். இது நடந்திருக்கக்கூடியது என்பது வரைதான் என் அறிவு சொல்கிறது. நடந்தது என்று சொல்ல ஆயாவின் நினைவு வேண்டும். 1935 வேலையா, 1986க்கு முன் நடந்த புதுப்பிப்பு வேலையா என்பதும் பெரிய வித்தியாசம். தாத்தாவின் வயதை வைத்து முதலில் அதைத் தீருங்கள்.

ஆயாவிடம் "தாத்தா அங்க வேலை பார்த்தாரா?" என்று திரும்பக் கேட்காதீர்கள்; ஆமாம் என்றுதான் சொல்வார். வேலையைப் பற்றிக் கேளுங்கள். வேலைத்தலத்தில் எதையாவது அடுப்பில் காய்ச்சினார்கள் என்று தாத்தா சொல்லியிருக்கிறாரா? ஜெலட்டின் அச்சுக்கு மாட்டுத்தோல், எலும்பிலிருந்து எடுத்த பசையை நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவார்கள், நாற்றம் லேசில் போகாது. வீட்டுக்கு வந்து சட்டையைத் தனியாகப் போட்டாரா? சணல் சாக்கை வெட்டியதாகச் சொன்னாரா? கைத்தோல் வறண்டு வெடித்திருந்ததா? வெளியே இருந்து பார்த்த ஒருவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. ஆயா தானாகவே இதில் ஒன்றைச் சொன்னாலும், தேதி போட்டு அவர் குரலிலேயே போனில் பதிந்து வையுங்கள். வீட்டில் பழைய கூலிச்சீட்டு, பாஸ், மேஸ்திரியோடு எடுத்த போட்டோ எதுவும் இருந்தால் பின்பக்கத்தையும் பாருங்கள். ஒப்பந்தக்காரரின் முத்திரை அங்கேதான் பெரும்பாலும் இருக்கும்.